முதல் பந்தும் இரண்டு கவர்களும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்து. உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நான் முதலில் பார்த்தது இரண்டு முழங்கால்களை. செங்கல்பட்டு பஸ்ஸின் பின்பக்க ஏணி வழியாக அவை கூரையிலிருந்து இறங்கி வந்தன. பாதங்களை ஒரு கோணி மூட்டை மறைத்திருந்தது. முழங்கால்கள் வெயிலில் வெந்து, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் போல இருந்தன. அவற்றைத் தொடர்ந்து ஓர் அரைக்கால் சட்டையும், ஒரு பெரிய காகிதச் சுருளும், கடைசியாக இருபது வயது முகம் ஒன்றும் இறங்கின.

"உள்ளே உட்கார்ந்தால் காகிதம் மடங்கிவிடும்" என்று அந்த முகம் ஆங்கிலத்தில் விளக்கியது. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பையனின் பெயர் கரெத். வேல்ஸ் நாட்டுக்காரன். அவனுடைய தாய்மாமன் பஸ்ஸுக்குள்ளிருந்து கசங்கி வெளியே வந்தார். எங்கள் ஊர்க் கோயில் சுவர்களில் உள்ள பழைய எழுத்துகளை மை ஒற்றிக் காகிதத்தில் எடுத்துப் போக வந்தவர் அவர். காகிதம் சுமக்க ஆள் வேண்டுமென்று மருமகனைக் கூட்டி வந்திருந்தார். மாமா சுவரைப் பார்த்து நின்றால் சாயங்காலம் வரை திரும்ப மாட்டார். கரெத்துக்கு வேலை காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம்.

இளம் நிருபர் நண்பர்களே, நீங்கள் இன்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, அதில் தவறு என்று தெரிந்தால் அரை மணியில் திருத்தி மறுபடி அனுப்புகிறீர்கள். அதனால் உங்களுக்கு எங்கள் கவர் முறையை முதலில் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. நான் சென்னை நாளிதழ் ஒன்றின் தாலுகா நிருபர். அது பகுதிநேர வேலை. மற்ற நேரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். செய்தியை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேலே பெரிதாக 'செய்தி – அவசரம்' என்று எழுதி, மூன்று பத்து செங்கல்பட்டு பஸ்ஸின் கண்டக்டர் மாணிக்கத்திடம் கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் எங்கள் ஏஜென்ட் வாங்கி ரயிலில் ஏற்றுவார். இரவு எட்டுக்குச் சென்னை அலுவலகம். அந்த பஸ்ஸை விட்டால் செய்தி ஒரு நாள் பழசாகிவிடும். பழைய செய்தியை எங்கள் மாவட்டப் பக்கத்து உதவி ஆசிரியர் படிக்கவே மாட்டார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. பத்து வருடத்தில் நான் அவரை நேரில் பார்த்தது இரண்டே முறை. மற்றபடி பச்சை மையில் தபால் கார்டுகள் வரும். ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு வந்த ஒரு கார்டு எனக்கு இப்போதும் மனப்பாடம். ஊர்ப் பெரியவர் ஒருவர் காலமானார் என்று நான் அனுப்பிய செய்தி அச்சில் வந்திருந்தது. காலமானவர் அவருடைய தம்பி. கார்டு சொன்னது: 'தாங்கள் இறக்கச் செய்தவர் இன்று காலை அலுவலகம் வந்து காபி சாப்பிட்டார். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் நிருபர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடவும்.'

அந்த அட்டை என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தாலுகா ஆபீசில் நாற்காலி போடுவதும், போலீஸ் ஸ்டேஷனில் 'வாங்க சார்' என்பதும் அந்த அட்டைக்குத்தான். அட்டை போனால் நான் வெறும் டைப்ரைட்டிங் வாத்தியார். ஆகவே அந்த மே மாதம் எனக்கு ஒரே ஒரு கவலைதான்: இன்னொரு தவறு கூடாது.

கரெத் கிரிக்கெட் ஆடியவன் என்பது வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான். பஸ் நிலையத்து டீக்கடையில் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில் வேகப்பந்து வீசத் தொடங்கியவன், பத்தொன்பதில் அவர்கள் கவுன்ட்டி அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடினான். ஐந்து விக்கெட். அதன்பின் தோள்பட்டை போய்விட்டது. மருத்துவர் இனிமேல் பந்து வீசக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் அவன் கிரிக்கெட் வாழ்க்கை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தான்.

டீக்கடை பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நெல் மண்டி கஜேந்திரன். எங்கள் ஊர் கிரிக்கெட் அணித் தலைவன். ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்தோடு ஆட்டம். இரண்டு ஊரிலும் பெரிய ஏரி உண்டு. யார் ஏரி பெரிசு என்ற வழக்கு தலைமுறையாகத் தீராமல், கடைசியில் கிரிக்கெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ரிப்போர்ட்டரே, தொர இன்னா சொல்றாரு?"

"கவுன்ட்டிக்கு ஆடியிருக்காராம்."

"அட, நம்ம டீம்ல போட்டுடு."

"தோள் போயிடுச்சாம். பந்து வீச முடியாதாம்."

"பந்து யாரு போடச் சொன்னது? பேட்டு புடிச்சிக்கினு நின்னா போதும்."

நான் இதை கரெத்திடம் சொன்னேன். அவன் கண்ணாடி கிளாசைக் கீழே வைத்துவிட்டு, தான் எப்போதும் பதினோராவதாக ஆடுகிறவன் என்றும், தன் வாழ்நாளில் எடுத்த ஓட்டங்கள் மொத்தம் ஏழு என்றும், அதில் நான்கு மட்டையின் ஓரத்தில் பட்டுப் போனது என்றும் சொன்னான். நான் அதையும் அப்படியே கஜேந்திரனிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பில் நான் எதையும் விடவில்லை. இது முக்கியம், பின்னால் வரும்போது நினைவில் வையுங்கள்.

கஜேந்திரன் சிரித்தான். "அவுங்க ஊர்ல பதினொண்ணாவதுன்னா நம்ம ஊர்ல மொதல் ஆளு. பெரிய மனுசன் அப்டித்தான் அடக்கமா பேசுவான். ஓப்பனிங் எறக்கு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவன் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்ன தொனியில் அது சரியாகத் தெரிந்தது. நிருபருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஏரிக்குள். கோடையில் ஏரி வற்றி, மதகுப் பக்கம் கொஞ்சம் சேறு, ஒரு ஓரத்தில் வெள்ளரித் தோட்டம், மற்றதெல்லாம் வெடித்த தரை. நடுவில் தேங்காய் நார்ப் பாய் விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தால் அதுதான் ஆடுகளம். ஏரி பொதுப்பணித் துறைக்குச் சொந்தம். ஆகவே மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஏழுமலையின் அனுமதி இல்லாமல் ஏரிக்குள் ஓர் ஆணிகூட இறங்காது. அனுமதிக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: அவர்தான் அம்பயர். ஆட்ட விதிகள் அவருக்கு முக்கால்வாசி தெரியும். தெரியாத கால்வாசியை மதகு திறக்கும் விதிகளைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். காக்கிச் சட்டை, பித்தளை பேட்ஜ், கையில் மதகுச் சாவி. சாவியைத் தூக்கினால் அவுட்.

மைக் செட்காரர் காலையிலிருந்து அறிவித்துக்கொண்டிருந்தார். "இங்கிலாந்து நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் கரெத் அவர்கள்..."

கரெத் என்னிடம் வந்தான். தான் இங்கிலாந்துக்காரன் இல்லை என்றான். நான் போய்ச் சொன்னேன். அடுத்த அறிவிப்பு: "இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டக்காரர்..."

கரெத் மறுபடி வந்தான். கஜேந்திரன் அவன் தோளில், நல்ல தோளில், கை போட்டுச் சமாதானம் சொன்னான். "எதுக்கு பேஜாரு? என்னையும் மெட்ராஸ்ல எல்லாரும் காஞ்சிபுரம்னுதான் சொல்லிக்கினு கீறானுங்க. நான் கண்டுக்கிறனா?"

இதை நான் மொழிபெயர்த்தேன். கரெத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

மதுராந்தகம் முதலில் ஆடி நூற்றுப் பன்னிரண்டு. அது முடிந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. சாப்பாடு ஒரு மணி, எங்கள் ஆட்டம் ஒன்றே முக்கால், மூன்று மணிக்குள் முடிவு தெரிந்துவிடும், மூன்று பத்துக்கு பஸ். இதுதான் என் திட்டம். திட்டத்தில் பிரியாணி தாமதமாகும் என்பது இல்லை. டேக்‌ஷாவை ஏற்றி வந்த மாட்டுவண்டி மதகுப் பக்கத்துச் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. இரண்டு அணியும் வெள்ளை உடையோடு போய்த் தள்ளின. வண்டி நகரவில்லை. கடைசியில் டேக்‌ஷாவை மட்டும் தூக்கி வந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி இரண்டு ஐம்பது.

நான் வேலிகாத்தான் முள்மர நிழலில் உட்கார்ந்து ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.

'வேல்ஸ் வீரர் அபார ஆட்டம். உத்திரமேரூர் அணி எளிதில் வெற்றி.' கரெத் ஆட்டமிழக்காமல் எடுத்த ஓட்டங்கள் ஐம்பத்து நாலு. ஐம்பது என்று எழுதினால் யாருக்காவது சந்தேகம் வரும். ஐம்பத்து நாலு என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்த அறிவை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை; தானாக வந்தது. கெட்ட அறிவுக்கு வாத்தியார் தேவைப்படுவதில்லை.

சைக்கிளில் பறந்து, மூன்று எட்டுக்கு மாணிக்கத்திடம் கவரைக் கொடுத்தேன். அவர் தோல் பையில் போட்டு மூடி, பையை ஒரு தட்டு தட்டினார். பஸ் கிளம்பியது. நான் திரும்பி வந்தபோது மணி மூன்று இருபத்திரண்டு.

கரெத் பாய்க்கு வந்து நின்றான். எங்கள் அணியிடம் இருந்தது ஒரே ஜோடி கால்காப்பு, அதாவது பேடு. ஆளுக்கு ஒன்று, இடது காலில். களத்தில் இருக்கும் இருவரும் ஒவ்வொன்றைக் கட்டிக்கொள்வார்கள். ஒருவன் அவுட் ஆனால் வழியில் கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான். வெள்ளை உடை இல்லாததால் கரெத் அரைக்கால் சட்டையில் இருந்தான். ஒரு செங்கல் கால், ஒரு பேடு கட்டிய கால்.

மதுராந்தகத்தின் பந்து வீச்சாளன் ஒல்லியாக, செருப்பில்லாமல், வெள்ளரித் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். கார்க் பந்து பாயில் குத்தி, கொஞ்சம் உள்ளே திரும்பியது. கரெத் மட்டையைக் கீழே கொண்டுவருவதற்குள் நடு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்தது.

லஸ்கர் ஏழுமலை ஸ்டம்ப்பைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். அப்புறம் மதகுச் சாவியைத் தூக்கினார்.

மணி மூன்று இருபத்து நாலு.

மைக் செட்டில் "இங்கிலாந்துக்குப் பக்கத்தில்..." என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது. நான் கஜேந்திரனிடம் ஓடினேன். கவர் போய்விட்டது என்றும் அதில் என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். அவன் முகம் ஒரு கணம் பிரகாசமானது.

"நாம ஜெயிச்சிட்டம்னா எயுதிட்ட? அப்ப சரி. அத உண்மையாக்கிடலாம், வா."

அவன் லஸ்கரிடம் போனான். "அண்ணா, அது நோ பால்தான? தொர கண்ணுல தூசி."

"ஏம்பா, மதகு தொறந்து தண்ணி போயிடுச்சின்னு வையி. போன தண்ணிய திரும்பி வான்னு கூப்டுவியா?"

"ஒரு பந்துதாண்ணா."

"ஒரு பந்துன்னாலும் டிபார்ட்மென்ட் சொன்னா சொன்னதுதான். போய் ஆளப் பாரு."

அதற்குள் மதுராந்தகம் அணித் தலைவர் விஷயம் கேட்டு வந்துவிட்டார். "ஆட்டம் முடியறதுக்கு முந்தியே நாங்க தோத்துட்டம்னு பேப்பருக்கு எயுதிட்டியா? இன்னாய்யா ஜோசியமா பாத்த?"

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பஸ் சாலவாக்கத்தில் டீ குடிக்கப் பத்து நிமிடம் நிற்கும். அங்கே பிடித்தால் கவரைத் திரும்ப வாங்கிவிடலாம். கஜேந்திரனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆனால் அடுத்து ஆட வேண்டியவன் அவன். மற்றவர்களில் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் ஆட வேண்டிய வரிசையில் இருந்தார்கள். எனக்கு ஓட்டத் தெரியாது. அந்த ஏரிக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த, வேறு வேலை எதுவும் இல்லாத ஆள் ஒருவன்தான்.

கரெத் கேட்டான், "எங்கே போக வேண்டும்?"

அவன் உதைத்துக் கிளப்பினான். நான் பின்னால் ஏறினேன். ஏரிக்கரை ஏறிய பிறகு பின்னாலிருந்து யாரோ கத்தியது கேட்டது. "பேடு! பேடக் குட்த்துட்டுப் போ!" என்று கத்தியிருக்கிறார்கள். எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது.

வழியில் நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். ஓடும் மோட்டார் சைக்கிளில் காதுக்குள் கத்தி ஒப்புக்கொள்வது எளிதல்ல. ஒவ்வொரு பள்ளத்திலும் வாக்கியம் இரண்டாக உடைந்தது. நீ ஐம்பத்து நாலு எடுத்ததாக எழுதிவிட்டேன். ஆட்டமிழக்கவில்லை என்றும் எழுதிவிட்டேன். அது வெளியானால் என் வேலை போய்விடும்.

அவன் அடுத்த பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஓட்டினான். பிறகு தலையைத் திருப்பாமல் கத்தினான்: "எத்தனை பந்தில்?"

சாலவாக்கம். மூன்று ஐம்பத்திரண்டு. பஸ் நின்றிருந்தது. மாணிக்கம் டீக்கடை வாசலில் வடையோடு நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கவரைக் கேட்டேன்.

"தர முடியாது சார்."

"நான்தானே மாணிக்கம் கொடுத்தேன்?"

"நீதான் குட்த்த. இல்லன்னா சொன்னேன்? நீதான கற்பூரம் கொளுத்திச் சொன்ன, நானே வந்து கேட்டாலும் தராதன்னு."

சொல்லியிருந்தேன். போன வருடம் ஒருமுறை, கொடுத்த கவரைத் திரும்ப வாங்கி ஒரு வாக்கியத்தை அழகாக்கிக்கொண்டிருந்தபோது பஸ் போய்விட்டது, செய்தியும் போனது. அன்று என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில், மாணிக்கத்தை எல்லையம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கியிருந்தேன். நானே காலில் விழுந்து கேட்டாலும் தரக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையையும் நான்தான் சேர்த்திருந்தேன்.

"இது வேற விஷயம் மாணிக்கம். அதில் தப்பு இருக்கிறது."

"அப்பவும் அதான சொன்ன? தப்பு கீது, திருத்திட்டுத் தரேன்னு?"

பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் தலைகளால் நிறைந்தன. ஒரு பெரியம்மா, "குட்த்துடு நைனா, மூஞ்சப் பாத்தா பாவமா கீது" என்றார். பின் சீட்டுக்காரர் ஒருவர், "அதெப்டி? கற்பூரம் கொளுத்தி இருக்காரு. அப்பால பஸ்சுக்கு எதுனா ஆச்சின்னா?" என்றார். பஸ்ஸில் பெரும்பான்மை அவர் பக்கம் சாய்ந்தது. அவர்களும் அதே பஸ்ஸில்தானே போக வேண்டும்.

இதற்குள் பாதிக் கூட்டத்தின் கவனம் கரெத்தின் காலுக்குப் போய்விட்டது.

"தொரைக்கு கால் முறிஞ்சிடுச்சி போல. கட்டுப் போட்டுக்கினு கீறாரு பாரு."

"முறிஞ்ச காலோட வண்டி ஓட்டிக்கினு வந்துகீறாரா? ஐயோ! யாருனா எய்ந்து எடம் குடுங்கப்பா!"

இரண்டு பேர் கரெத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒருவர் பேடு கட்டிய காலை மெதுவாகத் தூக்கி முக்காலியின் மேல் வைத்தார். அவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கவுன்ட்டி ஆட்டத்தில்கூடத் தன்னை யாரும் இப்படிக் கவனித்ததில்லை என்று பிறகு சொன்னான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்ப ஆறு நிமிடம். கவர் வராது. விட்டுவிட்டால் நாளைக் காலை அச்சில் ஐம்பத்து நாலு. மதுராந்தகத்திலிருந்து உதவி ஆசிரியருக்குப் புகார் போகும். செவ்வாயோ புதனோ பச்சை மை.

"ஐம்பத்து நாலு நன்றாகத்தான் இருக்கிறது" என்றான் கரெத். "அப்பாவுக்கு அனுப்பினால் நம்புவார். அவர் என்னைப் பற்றி எதையும் நம்புவார்."

நான் அவனைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் எனக்கும் அது பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு பையன் சந்தோஷப்படுகிறான். புகார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் டீயை ஊதினான். "எங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் என்னைப் பற்றி இப்படித்தான் எழுதினார்கள். இன்னும் பத்து வருடம் ஆடுவான், நூற்றுக்கணக்கில் விக்கெட் எடுப்பான் என்று. அதெல்லாம் நடந்து முடிந்த மாதிரியே எழுதியிருந்தார்கள். நானும் நம்பிவிட்டேன். தோள் போன பிறகு நான் என்னவோ கொடுத்த வாக்கைத் தவறியது போல எல்லோரும் பார்த்தார்கள். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எழுதியவர்கள்தான் கொடுத்தார்கள்." பிறகு என் பேனாவைச் சுட்டினான். "இன்னொரு கவர் அனுப்ப முடியாதா?"

இத்தனை வருடம் கவர் அனுப்பிய எனக்கு அது தோன்றவே இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாணிக்கம் தன் பையிலிருந்து ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதற்குச் சத்தியம் தடையில்லை. நான் எழுத ஆரம்பித்து, இரண்டாவது வரியிலேயே நின்றேன். முதல் பந்தில் ஆட்டமிழந்தார். சரி. ஆட்டத்தில் யார் வென்றது? நான் ஆட்டத்தை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது: பந்து வீசியவன் பெயர் என்ன? ஒரு நிருபர், எங்கள் பக்கம் ஒரே ஒரு விக்கெட் விழுந்ததைப் பார்த்தவன், அதை எடுத்தவன் பெயரைக் கேட்டு வைக்கவில்லை.

"புருஷோத்தமன்" என்றான் கரெத். மூன்று முறை முயன்று நான்காவது முறை சரியாகச் சொன்னான். ஆட்டமிழந்து திரும்பும் வழியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். "நல்ல பந்து. உள்ளே திரும்பியது. அதை எழுது. நான் சரியாக ஆடவில்லை என்று எழுதாதே; அவன் நன்றாக வீசினான் என்று எழுது. இரண்டும் வேறு."

நாற்பது வருட வேலையில் ஒரு செய்தியில் யாருடைய பெயரை எழுத வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது அந்த முழங்கால்காரன்தான்.

நான் எழுதியது இவ்வளவு: 'முதல் கவரில் உள்ளது நடக்கவில்லை. பிற்பகல் 3.24 வரை நான் கண்டது: மதுராந்தகம் அணியின் புருஷோத்தமன் சிறப்பாக வீசிய முதல் பந்திலேயே வேல்ஸைச் சேர்ந்த கரெத் ஆட்டமிழந்தார். அதன் பின் ஆட்டத்தின் முடிவு எனக்குத் தெரியாது.'

கவர் கிடையாது. டீக்கடைக்காரர் பொட்டலம் கட்டும் காகிதத்தை மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டித் தந்தார். மேலே எழுதினேன்: 'இதை முதலில் பிரிக்கவும்.'

மாணிக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டுமே நியூஸா?"

"ஒன்றுதான்."

"அப்ப இன்னொண்ணு இன்னா?"

நான் பேனாவை மூடினேன்.

"இதையும் நீ வந்து கேட்டா தரக் கூடாதா?"

"கூடாது."

"கற்பூரம்?"

"வேண்டாம் மாணிக்கம். கிளம்புங்கள்."

நாங்கள் ஏரிக்குத் திரும்பியபோது ஐந்து மணி. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கஜேந்திரன் சேற்றிலிருந்து மீட்ட மாட்டுவண்டியின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே ஈரத்துணி சுற்றியிருந்தான். கரெத்தின் காலில் இருந்த பேடைப் பார்த்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் இரண்டு சொற்களை நான் எழுத முடியாது.

நடந்தது இதுதான். இருந்த ஒரே பேடை ஓடப் போகிறவனும் ஆடப் போகிறவனும் மாறி மாறிக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு ஓட்டம் எடுத்தால் அவிழ்த்துக் கட்ட நான்கு நிமிடம். லஸ்கர் இரண்டாவது ஓவரில் தலையிட்டு, ஓவருக்கு ஒருமுறைதான் பேடு மாற்றலாம் என்று டிபார்ட்மென்ட் சார்பில் உத்தரவு போட்டார். கஜேந்திரன் பேடில்லாமல் நின்ற முதல் பந்தில் புருஷோத்தமன் அவன் கணைக்கால் எலும்பைப் பதம் பார்த்தான். அதைப் பார்த்த மற்றவர்கள் ஸ்டம்ப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்று ஆடினார்கள். முப்பத்தொரு ஓட்டம், எல்லோரும் அவுட்.

"இன்னா எயுதின?" என்று கேட்டான் கஜேந்திரன்.

சொன்னேன்.

"முடிவு தெரியாதுன்னா எயுதின? தெரியாதுன்னு எயுதறதுக்கு எதுக்குய்யா ரிப்போர்ட்டரு?"

திங்கட்கிழமை ஆறாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது. உதவி ஆசிரியர் என் முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'நான்' என்பதை 'நமது நிருபர்' ஆக்கியதைத் தவிர மற்றதில் கையே வைக்கவில்லை. கடைசி வரி அச்சில் இப்படி இருந்தது: 'ஆட்டத்தின் முடிவு நமது நிருபருக்குத் தெரியாது.' பஸ் நிலையத்தில் அதை எனக்கு ஒவ்வொருவராக வாசித்துக் காட்டினார்கள். ஒரு மாதம் வரை யாரும் என்னிடம் மணிகூடக் கேட்கவில்லை. தெரியாது என்பாய் என்றார்கள்.

வியாழக்கிழமை கார்டு வந்தது. பச்சை மை. நான் அதை இன்ஸ்டிட்யூட்டின் பின்பக்கம் எடுத்துப் போய், கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். 'கவர்கள் இரண்டும் கிடைத்தன. முதலாவதில் தேதி சரியாக இருந்தது. இரண்டாவதில் எல்லாம் சரியாக இருந்தது. அட்டை தங்களிடமே இருக்கட்டும்.' முதல் கவரை அவர் தூக்கிப் போடவில்லை. அவர் ஓய்வு பெறும் வரை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் அதைப் பிரித்துக் கொடுத்து, இதில் என்ன தவறு என்று கேட்பாராம். நடை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்களாம்.

எங்கள் ஊரில் கரெத்தின் கிரிக்கெட் வாழ்க்கை ஒரு பந்து. ஆனால் அடுத்த கோடையிலிருந்து ஏரி ஆட்டங்களில் ஒரு விதி வந்தது: எந்த அணியிலும் முதல் ஆட்டக்காரனுக்கு முதல் பந்தில் அவுட் கிடையாது. லஸ்கர் ஏழுமலையே கொண்டுவந்தார்; போன தண்ணீருக்கு அவர் செய்த ஒரே விதிவிலக்கு. அந்தப் பந்துக்குப் பெயர் கரெத்து. "கரெத்து போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். இப்போது ஆடுகிறவர்களைக் கேட்டுப் பார்த்தேன். அது ஒரு ஆளின் பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாமா சுவர்களை முடித்துக்கொண்டு ஜூன் மாதம் கிளம்பினார். போகும் முன் கரெத் அந்த நான்கு வரிச் செய்தியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். சில வருடங்கள் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறானாம். சனிக்கிழமைகளில் ஊர் கிளப்பில் சிறுவர்களுக்குப் பந்து வீசக் கற்றுத் தருகிறானாம். தான் மட்டை பிடித்ததாக அச்சில் வந்த செய்தி அது ஒன்றுதான் என்பதால் கிளப் செயலாளர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு புகைப்படம். கரெத் தொப்பி போட்டு நிற்கிறான். பின்னால் சுவரில் கண்ணாடிக்குள் நம் தமிழ்ச் செய்தி, நான்கு வரியும் தெளிவாகத் தெரிகிறது.

தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்.